ஜாபிதா விலையும் கைக்கு வரும் விலையும்

அச்செழுத்துக்கு நம் ஜனங்கள் காட்டும் மரியாதை பெரிது. வாயால் சொன்ன விலையை ஒருவரும் நம்புவதில்லை; கத்தரிக்காய்க்குச் சொன்ன விலையில் பாதியைக் கேட்டுப் பேரம் தொடங்குவதே நம் வழக்கம். ஆனால் அதே மனிதர், கெட்டி அட்டை போட்ட ஒரு புஸ்தகத்தில், வரிசை எண்ணுடன் ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கக் கண்டால், அதைக் கோர்ட்டுத் தீர்ப்பைப்போல் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். இந்த மயக்கத்தால் நஷ்டமடைவோர் பல துறைகளிலும் உண்டு. தபால் தலை சேகரிக்கும் துறையில் அது எவ்வாறு நேர்கிறது என்பதை இன்று விசாரிக்க விரும்புகிறோம். பொழுதுபோக்கு விஷயத்தைப் பற்றி ஓர் அரசியல் பத்திரிகை எழுதுவானேன் என்று சில நேயர்கள் கேட்கலாம். சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பும், நாணயமான மனிதர்கள்மேல் வீணே விழும் சந்தேகமும் இதில் அடங்கியிருப்பதால் எழுதுகிறோம்.

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று தொடர்ந்து செல்லும் ஊர்கள் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்களின் ஊர்கள். 1931-ம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது. விமானப் படையின் நிலையமும் அங்கே அமைந்தது. ரயில்வே குமாஸ்தாக்களும், தபால் இலாகா ஊழியர்களும், உபாத்தியாயர்களும், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். தூர தேசத்துக் கடிதங்கள் வரும் வீடுகளில் தபால் தலை சேர்க்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. 2021-ம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழும்புகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது தகப்பனார் நாற்பது வருஷம் சேர்த்த ஆல்பம் பீரோவிலிருந்து வெளியே வருகிறது. அது மதிப்புள்ள சொத்தா, வெறும் காகிதமா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மகன் ஒரு விலை ஜாபிதாவை இரவல் வாங்கி, ஒவ்வொரு தலைக்கும் எதிரே உள்ள தொகையைக் குறித்துக் கூட்டிப் பார்க்கிறார். இரண்டு லட்சம் ரூபாய் வருகிறது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வியாபாரியிடம் போகிறார். வியாபாரி ஏடுகளைப் புரட்டிவிட்டு, பதினைந்தாயிரம் தருவதாகச் சொல்கிறார். மகனுக்கு இரத்தம் கொதிக்கிறது. "பகற்கொள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியேறி, இன்னும் இரண்டு கடைகளில் கேட்கிறார். அங்கும் ஏறக்குறைய அதே தொகைதான். வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து சதி செய்வதாக முடிவு கட்டுகிறார். இந்த முடிவு நியாயமானதா?

விலையைச் சொல்கிறவர் யார்?

முதலில், ஜாபிதாவை எழுதுகிறவர் யார் என்று கேட்கவேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் கையாளும் ஜாபிதாக்கள் சிலவே: இங்கிலாந்தின் ஸ்டான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவின் ஸ்காட், ஜெர்மனியின் மிக்கேல், பிரான்ஸின் இவேர் ஆகியவை. இந்தியத் தலைகளுக்கென்று கல்கத்தாவிலிருந்து வந்த பிலா இந்தியாவும் உண்டு. கிப்பன்ஸ் என்பவர் 1856-ம் வருஷத்தில் பிளிமத் நகரத்தில் தபால் தலை வியாபாரம் தொடங்கியவர். 1865-ல் தம் முதல் விலைப் பட்டியலை வெளியிட்டார். ஸ்காட்டும் வியாபாரியே. ஆகவே ஜாபிதா பிறந்ததே கடைக்காரரின் பட்டியலாகத்தான். "என்னிடம் இன்ன சரக்கு உண்டு, இன்ன விலைக்குக் கொடுப்பேன்" என்பதே அதன் முதல் வாசகம். இன்றைக்கும் கிப்பன்ஸ் ஜாபிதாவின் முன்னுரை, அதில் காணும் விலைகள் நல்ல நிலையிலுள்ள தலைக்குத் தம் கம்பெனி கேட்கும் விற்பனை விலையின் மதிப்பீடே என்று ஒளிக்காமல் சொல்கிறது. ஸ்காட் ஜாபிதாவை இப்போது வெளியிடுவோர் தலை வியாபாரிகள் அல்லர். ஆயினும் அவர்கள் குறிப்பதும் கடையில் வாங்குகிறவர் கொடுக்கும் சில்லறை விலையையே. விற்கப் போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை எந்த ஜாபிதாவும் சொல்வதில்லை. நாம் முன்னுரையைப் படியாமல் தொகையை மட்டும் படிக்கிறோம்.

சட்டம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய வழக்கு ஞாபகத்துக்கு வரும். ஜமைக்கா தீவில் ஒரு நிலத்துக்குக் குறைந்தபட்ச விலை என்ன என்று ஒருவர் தந்தி அடித்தார். 900 பவுன் என்று பதில் வந்தது. அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று மறு தந்தி கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததாக வாதாடினார்கள். பிரிவி கௌன்ஸில் 1893-ம் வருஷத்தில் அதை ஏற்கவில்லை. விலையைச் சொல்வது ஒன்று, அந்த விலைக்குக் கட்டுப்படுவது வேறொன்று என்பதே தீர்ப்பின் சாரம். நம் ஊர்க் கோர்ட்டுகளும் இக்கொள்கையைப் பின்பற்றியே வந்திருக்கின்றன. நேரில் கேட்டவருக்குத் தந்தி மூலம் சொன்ன விலையே சொன்னவரைக் கட்டுப்படுத்தாதென்றால், முகம் தெரியாத வாசகர்களுக்காகப் புஸ்தகத்தில் அச்சிட்ட விலை யாரைக் கட்டுப்படுத்தும்? தாம்பரத்துக் கடைக்காரரை எவ்விதத்திலும் கட்டுப்படுத்தாது.

நிலத்தைப் பற்றிப் பேசுவதால் இன்னோர் ஒப்புமையும் சொல்லலாம். இப்பகுதியில் மனை வாங்கியவர் அனைவரும் ரிஜிஸ்திரார் ஆபீஸின் வழிகாட்டி மதிப்பை அறிவர். அந்த மதிப்பு ஒன்று; கைமாறும் விலை வேறொன்று என்பது தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். வழிகாட்டி மதிப்பைக் காட்டி, "இந்த விலைக்கே எனக்கு மனையைக் கொடு" என்று யாரும் வாதாடுவதில்லை. நிலத்தில் உள்ள இந்தத் தெளிவு தபால் தலையில் மட்டும் ஏன் இல்லாமற் போகவேண்டும்?

தலையின் விலையா, எடுத்துக் கொடுக்கும் கூலியா?

ஜாபிதாவில் மிகச் சாதாரணமான தலைக்கும் ஒரு குறைந்தபட்ச விலை போட்டிருக்கும். ஸ்காட் ஜாபிதாவின் பல பதிப்புகளில் அது 25 சென்ட். இது அந்தத் தலையின் மதிப்பு என்று நினைப்பதே பெரும்பாலோர் கணக்கைக் கெடுக்கிறது. ஒருவர் கடைக்கு வந்து ஒரேயொரு சாதாரணத் தலையைக் கேட்டால், கடைக்காரர் அதைத் தேடி, அடையாளம் கண்டு, உறையில் போட்டுக் கொடுக்கவேண்டுமே. அந்தச் சிரமத்துக்கான கூலிதான் 25 சென்ட். கிப்பன்ஸ் ஜாபிதாவின் பல பதிப்புகளில் 10 பென்ஸ் என்பது குறைந்தபட்ச விலையாகக் காணப்படும். ஆனால் தனித் தலை எதையும் ஒரு பவுனுக்குக் குறைவாக விற்பதில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கும். பத்துப் பென்ஸ் விலைக்கு அதை வெளியிட்டவரே கொடுக்கவும் மாட்டார், கொள்ளவும் மாட்டார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் ஆல்பத்தில் நாலாயிரம் சாதாரணத் தலைகள் இருந்தால், தலைக்கு 25 சென்ட் வீதம் ஆயிரம் டாலர் என்று காகிதத்தில் வந்துவிடும். அது நாலாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும் கூலியின் கூட்டுத்தொகை. அதே தலைகளை ஆயிரம் ஆயிரமாகப் பொட்டலம் கட்டி விற்கும்போது அந்தக் கூலி இல்லை. ஆகவே விலையும் இல்லை. பெரிய ஆல்பங்கள் பலவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

நிலை என்னும் நீதிபதி

ஜாபிதா விலை நல்ல நிலையிலுள்ள தலைக்கு மட்டுமே உரியது என்றோம். நல்ல நிலை என்றால் என்ன? விளிம்புப் பற்கள் ஒன்றும் குறையாமல் இருக்கவேண்டும். சித்திரம் நடுவில் அமைந்திருக்கவேண்டும். வர்ணம் வெளுத்திருக்கக் கூடாது. கிழிசலும், மடிப்பும், மெல்லிய இடமும் ஆகா. உபயோகித்த தலையானால் முத்திரை லேசாகவும் தெளிவாகவும் விழுந்திருக்கவேண்டும். கறுப்பு மை அப்பிய தலைக்கு மதிப்பு மிகக் குறைவு. உபயோகிக்காத தலையானால் பின்புறத்துப் பசை, தபாலாபீஸில் வாங்கிய அன்று இருந்ததுபோல் இருக்கவேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு தலையையும் 'ஹிஞ்ச்' என்னும் சிறு பசைத்தாளால் ஆல்பத்தில் ஒட்டுவதே வழக்கம். அப்போது அது குற்றமன்று. இன்றைய வாங்குவோரோ அந்தத் தழும்பைக் கண்டாலே விலையை வெட்டுகிறார்கள். ஒரே தலைக்குத் தழும்பு படாததற்கு ஒரு விலை, தழும்பு பட்டதற்கு வேறு விலை என்று ஜாபிதாக்களே பிரித்துக் காட்டுவதும் உண்டு.

நம் பக்கத்துச் சீதோஷ்ணம் இந்த விஷயத்தில் பெரும் சத்துரு. கடற்காற்றின் ஈரமும் ஐப்பசி கார்த்திகை மழையும் பீரோவுக்குள் புகுந்து பசையை இளக்குகின்றன; தலைகள் ஒன்றோடொன்றும் ஏட்டோடும் ஒட்டிக்கொள்கின்றன; காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் படர்கின்றன. லண்டனில் எழுதிய ஜாபிதா, இந்தப் புள்ளிகள் இல்லாத தலையை மனத்தில் வைத்து எழுதியது. சேலையூரில் நாற்பது மழைக்காலம் கண்ட ஆல்பத்துக்கு அந்தத் தொகையைப் பொருத்துவது, புது வண்டியின் விலையைப் பழைய வண்டிக்குக் கேட்பதற்கு ஒப்பாகும்.

வியாபாரியின் பக்கத்து நியாயம்

தங்க நகையை எடுத்துக்கொள்வோம். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுக்கிறோம். விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. இதற்காகத் தட்டாரைத் திருடர் என்று சொல்வதில்லை. தங்கமோ எந்த நாளும் எந்த ஊரிலும் விலை போகும் பொருள். ஒரு கிராம் தங்கம் மற்றொரு கிராம் தங்கத்துக்குச் சமம். தபால் தலை அப்படிப்பட்டதன்று. குறிப்பிட்ட ஒரு தலை குறிப்பிட்ட ஒருவருக்கே தேவைப்படும். அவர் இன்று வரலாம், மூன்று வருஷம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம். அதுவரையில் முதல் முடங்கிக் கிடக்கும். கடை வாடகை, தரம் பிரிக்கும் வேலை, விற்காமல் தங்கிவிடும் சரக்கு ஆகிய அனைத்தையும் விற்கிற சில தலைகளே சுமக்கவேண்டும். ஆகவே ஓர் ஆல்பத்தை மொத்தமாக வாங்கும் வியாபாரி, எளிதில் விலை போகும் நல்ல தலைகளுக்கு ஜாபிதா விலையில் மூன்றில் ஒன்றோ பாதியோ கொடுப்பதும், சாதாரணத் தலைகளுக்குப் பத்தில் ஒன்றுகூடக் கொடாமலிருப்பதும் இத்தொழிலின் நடைமுறை. ஏலத்தில் விட்டாலும் கதை முற்றிலும் மாறிவிடாது; விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் மேல்வரிசைக் கட்டணம் என்று ஏலக்காரருக்கு இருபுறமும் பங்கு உண்டு. வாங்குபவர் கொடுத்ததற்கும் விற்றவர் பெற்றதற்கும் உள்ள இடைவெளி அங்கேயும் சிறிதன்று.

வியாபாரிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அறியாதவரிடம் அரிய தலையைக் குப்பை விலைக்கு வாங்கிக்கொள்வோர் எந்தச் சந்தையிலும் இருப்பார்கள். ஜாபிதா விலைக்கும் அவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மாத்திரம் மோசடிக்கு அத்தாட்சி ஆகாது என்பதே நம் வாதம்.

பழமையும் அருமையும்

"பழையது, ஆகவே விலை உயர்ந்தது" என்ற எண்ணம் இரண்டாவது மயக்கம். உலகத்தின் முதல் ஒட்டுத் தபால் தலையாகிய இங்கிலாந்தின் கறுப்புப் பென்னி 1840-ம் வருஷத்தில் வெளிவந்தது. அதைவிடப் பழைய தலை கிடையாது. ஆயினும் சுமார் 6 கோடி 80 லட்சம் அச்சிடப்பட்டு ஏராளமாக மிஞ்சியிருப்பதால், அதற்குப் பின் வந்த எத்தனையோ தலைகள் அதைவிட விலை உயர்ந்தவை. நம் நாட்டில், தேசபக்தர்கள் போற்றும் பாரதியாரின் 15 நயா பைசாத் தலை 1960-ம் வருஷம் செப்டம்பர் 11 அன்றும், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் 20 பைசாத் தலை 1972-ம் வருஷம் செப்டம்பர் 5 அன்றும் வெளியாயின. அவற்றைப் பத்திரப்படுத்தாத தமிழ்ச் சேகரிப்போர் இல்லை. அதனாலேயே அவை அருமையானவை அல்ல. எல்லோரும் காப்பாற்றி வைத்த பொருள் எல்லோரிடமும் இருக்கிறது. 20 பைசாத் தலைகளை இன்று தபாலில் ஒட்டித் தீர்த்துவிடலாமென்றாலோ, 5 ரூபாய்க் கடிதத்துக்கு 25 தலைகள் ஒட்டவேண்டும். விலாசம் எழுத இடமிராது!

இதற்கு எதிரான உதாரணமும் நம் சரித்திரத்திலேயே உண்டு. 1948-ம் வருஷம் ஆகஸ்டு 15 அன்று, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவில், மகாத்மாவின் உருவம் தாங்கிய நான்கு தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுதேசியத்தின் தந்தைக்கு எடுத்த தலைகள் ஸ்விட்ஸர்லாந்தில் அச்சிடப்பட்டன என்பது தேசியவாதிகள் வருந்தவேண்டிய செய்தி. அந்தப் பத்து ரூபாய்த் தலையில் நூற்றை மாத்திரம் எடுத்து, 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டுக் கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்கு ஒதுக்கினார்கள். அப்போது அப்பதவியில் இருந்தவர் ராஜாஜி. இந்த நூறில் சேர்ந்தாற்போலுள்ள நான்கு தலைகள் 2017-ம் வருஷத்தில் ஐந்து லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு விற்றன. மேலச்சில்லாத அதே பத்து ரூபாய்த் தலையும் நல்ல விலை பெறும். ஆனால் இந்த விலைக்கும் அதற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். காந்தியடிகளின் முகம் இரண்டிலும் ஒன்றே. எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளே விலையைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது கேள்வியை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். அரிதாயிருந்தும் தேடுவார் இல்லையென்றால் விலை இல்லை. கடிதம் எழுதும் வழக்கமே குறைந்துவிட்ட இக்காலத்தில் புதிதாகச் சேகரிக்க வரும் சிறுவர்கள் சிலரே. முதியவர்களின் ஆல்பங்களோ வருஷந்தோறும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அஜ்மான், புஜைரா முதலிய அரபு ஷேக் நாடுகளின் பெயரால் சேகரிப்போருக்கென்றே வண்ண வண்ணமாக அச்சிட்டுக் குவித்த தலைகள் நம் பையன்களின் ஆல்பங்களில் நிறைந்திருக்கும். அவை உறையின்மேல் ஒட்டப்படுவதற்காகப் பிறந்தவை அல்ல; அவற்றில் பலவற்றைக் கிப்பன்ஸ் ஜாபிதா விலையே போடாமல் அனுபந்தத்தில் ஒதுக்கிவிட்டது.

உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது என்ற பெருமை பெற்ற தலைக்கும் விதிவிலக்கு இல்லை. பிரிட்டிஷ் கயானாவின் 1856-ம் வருஷத்து ஒரு சென்ட் தலையை 1873-ல் கண்டெடுத்த பள்ளிச் சிறுவன் அதை ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அது 2014-ம் வருஷ ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2021-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது சுமார் 83 லட்சம் டாலரே கிடைத்தது. ஏழு வருஷத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். தலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஏலத்தில் கை தூக்கியவர்கள் மாறினார்கள், அவ்வளவே.

மயக்கம் வியாபாரமாகும்போது

இதுவரை சொன்னது குடும்பங்களுக்கு நேரும் ஏமாற்றம். இனிச் சொல்வது அபாயம். ஜாபிதா விலையை ஜனங்கள் சொத்து மதிப்பாக நம்புகிறார்கள் என்று கண்டுகொண்டவர்கள், அந்த நம்பிக்கையையே முதலாக வைத்துத் தொழில் நடத்தினார்கள். ஸ்பெயின் தேசத்தில் ஆபின்ஸா, போரும் பிலாதெலிகோ என்ற இரண்டு கம்பெனிகள், தபால் தலைகளை முதலீடாக விற்று, குறித்த காலத்தில் லாபத்துடன் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்களித்தன. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள் சேர்ந்தார்கள். 2006-ம் வருஷம் மே மாதத்தில் போலீஸார் சோதனையிட்டபோது விஷயம் வெளியாயிற்று. புதியவர்கள் கட்டிய பணமே பழையவர்களுக்கு லாபமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. தலைகளின் உண்மை மதிப்போ கணக்கில் எழுதியதில் ஒரு சிறு பங்கு. ஒரு கம்பெனியின் தலைவர்களுக்கு 2016-லும் மற்றதன் தலைவர்களுக்கு 2018-லும் கோர்ட்டு சிறைத் தண்டனை விதித்தது. பணம் போட்ட ஓய்வூதியக்காரர்களுக்கு அத்தண்டனையால் முழுப் பணமும் வந்துவிடவில்லை.

அது மோசக்காரர்களின் வேலை, கண்ணியமான ஸ்தாபனங்களில் அப்படி நேராது என்று சொல்வதற்கும் இடமில்லை. ஸ்டான்லி கிப்பன்ஸின் கெர்ன்ஸித் தீவுக் கிளையும் முதலீட்டாளர்களுக்குத் தலைகளை விற்று, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களைக் கொடுத்திருந்தது. 2017-ம் வருஷம் நவம்பரில் அக்கிளை தன் கடமைகளைச் செலுத்த இயலாமல் நிர்வாகிகள் வசம் ஒப்படைக்கப்பட்டது. ஜாபிதாவை அச்சிடும் குடும்பத்தைச் சேர்ந்த கம்பெனியாலேயே திரும்ப வாங்கும் சுமையைத் தாங்க முடியவில்லையென்றால், வேறு யாரால் தாங்க முடியும்?

ஸ்பெயின் நமக்குத் தூரம் என்று நினைக்கவேண்டாம். 1990-களில் தேக்கு மரத்தைக் காட்டியும், அதிக வட்டியைக் காட்டியும் நம் மாகாணத்து மத்தியதர வகுப்பாரின் பணத்தைத் திரட்டிய கம்பெனிகள் எத்தனை! அந்த அனுபவத்தின் பின்னரே 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அதற்குப் பிறகும், 2012-ம் வருஷத்தில், கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பு சரிந்து விழுந்தது. ஈமுவுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை, விற்ற கம்பெனி திரும்ப வாங்குவதாக எழுதிக் கொடுத்த காகிதத்தில் மட்டுமே இருந்தது. வெளியே அதை வாங்குவார் இல்லை. ஒரு பொருளுக்கு விற்றவரைத் தவிர வேறு வாங்குவோர் உண்டா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. ஈமுவுக்கும் தேக்குக்கும் பொருந்தும் அந்தக் கேள்வி தபால் தலைக்கும் பொருந்தும். பணி ஓய்வுத் தொகை கையில் வந்தவர்கள் நிறைந்த நம் தெற்குப் புறநகர்களில் இதை உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

செய்யத்தக்கது

ஜாபிதாக்களைக் கொளுத்திவிடவேண்டும் என்பதா நம் முடிவு? அன்று. எந்தத் தலை எந்த வருஷத்தியது, எந்தத் தாளில் அச்சிட்டது, எதற்கு எது அரியது என்று அறிய அதைப்போல் உதவும் நூல் இல்லை. ஐந்து ரூபாய் போட்ட தலைக்கும் ஐயாயிரம் ரூபாய் போட்ட தலைக்கும் உள்ள தாரதம்மியம் பெரும்பாலும் உண்மையே. தொகைதான் கைக்கு வராது. ஆகையால் ஆல்பம் பெற்ற வாரிசுகள் கூட்டல் கணக்குப் போடுவதை விட்டு, ஜாபிதாவில் தனித்து உயர்ந்து நிற்கும் பத்து இருபது தலைகளை மட்டும் பொறுக்கி எடுக்கட்டும். அவற்றின் நிலையையும், மெய்யானவையா என்பதையும் அறிந்தவரிடம் காட்டட்டும். காந்தியடிகளின் பத்து ரூபாய்த் தலைக்குப் போலி உண்டு என்பது சேகரிப்போர் நன்கு அறிந்ததே. பிறகு அதே வகைத் தலை அண்மையில் நடந்த ஏலங்களில் என்ன விலைக்கு உண்மையாகவே போயிற்று என்று பார்க்கட்டும். கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறு; கொடுத்த விலை ஒன்றே சாட்சியாகும். உறைகளிலிருந்து தலைகளைக் கத்தரிக்க வேண்டாம். பழைய தபால் முத்திரையுடன் கூடிய முழு உறை, தனித் தலையைவிட மதிப்புப் பெறுவது பல சமயம் உண்டு. எவ்வளவு அவசரமானாலும், ஒருவரும் பார்க்குமுன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். கயானாச் சிறுவனின் ஆறு ஷில்லிங்கு அந்தப் பக்கத்து எச்சரிக்கை.

பொதுக் காரியமும் இதில் உண்டு. சென்னையில் 1956-ம் வருஷம் முதல் தென்னிந்தியத் தபால் தலை சேகரிப்போர் சங்கம் இருந்து வருகிறது. அண்ணா சாலைத் தலைமைத் தபாலாபீஸில் சேகரிப்போருக்கான பிரிவும் இருக்கிறது. இத்தகைய சங்கங்கள் தாம்பரம் போன்ற ஊர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் வந்து, வாரிசுகள் கொண்டுவரும் ஆல்பங்களை இனாமாகப் பார்த்துச் சொல்லுமானால் எத்தனையோ குடும்பங்கள் நன்மை பெறும். இந்தியத் தலைகள் நம் நாட்டு ஏலங்களில் பெற்ற விலைகளைத் திரட்டித் தமிழில் வெளியிடுவதும் அவசியம். வ. உ. சி.யின் தலைக்கு என்ன மதிப்பு என்பதை லண்டன் கடைக்காரரின் புஸ்தகத்தைப் பார்த்துத் தூத்துக்குடிக்காரர் அறிந்துகொள்வது சுதந்திர நாட்டுக்கு அழகன்று. தபால் தலைகளை லாபத்துடன் திரும்ப வாங்குவதாகச் சொல்லிப் பணம் திரட்டுவோர் நம் பக்கம் தலை காட்டினால், பணம் போன பின்பு வழக்குத் தொடுப்பதைவிட, முன்னதாகவே சர்க்கார் எச்சரிக்கை செய்வது கடமை.

தபால் தலை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கும் இன்பத்துக்காகச் சேர்ப்பவர் நஷ்டப்படுவதில்லை. அவர் கொடுத்த விலைக்குரிய பலனை அன்றன்றே அனுபவித்துவிட்டார். சிந்து மாகாணத்தில் 1852-ல் வெளியான தலையிலிருந்து, 1947 நவம்பரில் ஜெய் ஹிந்த் என்ற வாசகத்துடன் மூவர்ணக் கொடி ஏந்தி வந்த சுதந்திர இந்தியாவின் முதல் தலைவரை, இந்த நாட்டின் கதை முழுவதும் சிறு காகிதங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் தகப்பனார் நல்ல சொத்தையே வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பணமாக நம்பியிருக்கும்படி சொல்லிவிட்டுப் போவாரானால், அவர் வைத்துவிட்டுப் போவது ஒரு மனஸ்தாபத்தை. ஜாபிதாவில் உள்ளது விற்பவர் கேட்கும் விலை; வாங்குபவர் பணத்தை எண்ணி வைக்கும்வரை அது யாருக்கும் சொந்தமன்று.